வீட்டுக்கு வந்த கண்டம்

பெயரைக் கேட்டதுமே அம்மாவின் முகம் மாறிவிட்டது. "விளையாட்டு சாமானுக்கு யாராச்சும் கண்டம்னு பேர் வைப்பாங்களா? ஏற்கெனவே இவனுக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துல இருக்கு" என்று என் அக்காவின் மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடலூர் தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போனால்கூட அவன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர். ஜப்பான்காரன் வைத்த பேரும்மா, நாம என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிரித்தோம்.

உள்ளே இருந்தது பண்டாய் கம்பெனியின் என்ட்ரி கிரேடு, அதாவது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான ஆர்எக்ஸ்-78-2 கண்டம்: 'மொபைல் சூட் கண்டம்' என்ற ஜப்பான் அனிமேஷன் தொடரில் வரும் ரோபோவின் பிளாஸ்டிக் மாடல். 1/144 அளவு. கதையில் வரும் ரோபோ 18 மீட்டர் உயரம், அதனால் நம் கைக்கு வருவது பன்னிரண்டரை சென்டிமீட்டர். 18 மீட்டர் என்றால் எவ்வளவு மாமா என்று கேட்டான். பாண்டி பீச்சில் நிற்கும் காந்தி சிலை 13 அடி, அப்படி நாலரை காந்தியை ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏற்றினால் வரும் உயரம் என்றேன். அரை காந்தி எது என்று கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

இதற்கு முன் ஒரு கசப்பு நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நீங்களும் ஏமாறுவீர்கள். முதலில் ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் 600 ரூபாய்க்கு வாங்கினேன், பேர் வேண்டாம். வந்தது டூப்ளிகேட். பிரித்ததும் மண்ணெண்ணெய் போல ஒரு நெடி, தோளில் கையை மாட்டினால் அடுத்த நிமிஷம் கழன்று மடியில் விழுகிறது. திருப்பி எடுக்கவும் மாட்டோம் என்றார்கள். ஒரிஜினலில் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலேயே பண்டாய் பெயர் எழும்பி நிற்கும், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரிஜினல் வெளிவந்தபோது ஜப்பானில் வரியோடு 770 யென், நம் காசுக்கு ஐந்நூறு ரூபாய் போல. மஞ்சக்குப்பம் வந்து சேர்வதற்குள் எனக்கு 1,250 ஆனது. அது வலிக்கத்தான் செய்தது.

ஆனால் மாட்ட உட்கார்ந்ததும் அந்த வலி போய்விட்டது. கத்தரி வேண்டாம், பசை வேண்டாம், பெயின்ட் வேண்டாம், ஸ்டிக்கர்கூட இல்லை. சட்டத்திலிருந்து பாகத்தை விரலால் திருகினாலே கையோடு வந்துவிடுகிறது, ஒட்டியிருந்த இடத்தில் தடவிப் பார்த்தால்தான் லேசாக ஒரு முனை தட்டுப்படும். வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் பிளாஸ்டிக்கிலேயே கலந்த நிறம். எனக்கு வியப்பாக இருந்தது முகம்தான்: சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் அந்த இடத்தில், மஞ்சள் கண்ணும் தனிப் பாகமாக உள்ளிருந்து வந்து 'டிக்' என்று உட்காருகிறது. அந்த 'டிக்' சத்தத்துக்காகவே இன்னொன்று வாங்கலாம் என்று தோன்றியது. மே மாத வெக்கையில் ஃபேனைப் போட்டால் சின்னப் பாகங்கள் பறந்துவிடும் என்று நிறுத்திவைத்திருந்தோம், அப்படியும் நெற்றியில் மாட்டும் வி வடிவக் கொம்பு கைதவறிக் கட்டிலுக்கடியில் போய், செல்போன் வெளிச்சத்தில் தேடி, கடைசியில் அம்மாவின் விளக்குமாற்றில் மாட்டியிருந்தது கிடைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் கண்டம் எழுந்து நின்றுவிட்டான்.

செய்முறைத் தாளில் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. படத்தைப் பார்த்தே முடித்துவிடலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1979-இல் வந்த அந்தத் தொடரின் முதல் எபிசோடில் அமுரோ என்ற பதினைந்து வயதுப் பையன் இந்த ரோபோவில் ஏறுவதும் கையேட்டைப் புரட்டிக்கொண்டேதான். யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. தலைக்கு மேல் சண்டை நடக்கிறது, தெரிந்தவர்கள் கண்ணெதிரே சாகிறார்கள், ஏறிவிடுகிறான். அவன் போய்ச் சேரும் விண்வெளிப் போர்க்கப்பலை நடத்துகிறவனுக்கே பத்தொன்பது வயதுதான். ஒரு கட்டத்தில் அமுரோ இனி ஏற மாட்டேன் என்று படுத்துக்கொள்கிறான், கேப்டன் கன்னத்தில் அறைகிறான். ஜெட்டிக்ஸ் சேனலில் தமிழ் பேசிய பவர் ரேஞ்சர்ஸ் பார்த்து வளர்ந்த எனக்கு ஹீரோ என்றால் கூவிக்கொண்டு பாய்கிறவன். நடுங்கிக்கொண்டு போர்வைக்குள் படுத்திருக்கிற ஹீரோவை நான் எதிர்பார்க்கவில்லை, அதனால்தான் பிடித்தது.

டொமினோ இயக்கிய இந்தத் தொடர் முதலில் ஓடவில்லை. 52 எபிசோடு என்று திட்டமிட்டதை 43-லேயே முடித்துவிட்டார்கள். 1980 ஜூலையில் பண்டாய் 300 யென்னுக்கு, இதே 1/144 அளவில் ஒட்டி மாட்டும் மாடலைக் கொண்டுவந்தது, அதற்கப்புறம் நடந்ததுதான் இந்த 45 வருஷக் கதை. அதாவது என் மேசைமேல் நிற்பது தொடருக்குக் கிடைத்த உபரி இல்லை, தொடரைத் தூக்கி நிறுத்திய ஆளே இவன்தான். பழைய படம், அசைவுகள் பல இடங்களில் கஞ்சத்தனமாக இருக்கும். பொறுமை இல்லையென்றால் 1981, 82-இல் மூன்று படங்களாகத் தொகுத்திருக்கிறார்கள், அதைப் பாருங்கள்.

சரி, மாடலில் குறை இல்லாமல் இல்லை. துப்பாக்கியும் கேடயமும் உண்டு, ஆனால் முதுகிலிருந்து உருவிச் சண்டை போடும் ஒளிவாளின் வீச்சு இதில் கிடையாது. பையனுக்கு அதுதான் வேண்டியிருந்தது, ஊதுபத்திக் குச்சியைச் செருகப் பார்த்துக் கையைக் கழற்றிவிட்டான். மலிவாக லைட் பேக்கேஜ் என்று ஒன்று விற்கிறது, அதில் ஆயுதமே இல்லை, வாங்கும்போது பெட்டியைக் கவனியுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொம்பு வாய்க்குள் போகும் அளவுதான். பத்து வயதுப் பையன், கூட உட்கார ஒரு ஆள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவ்வளவு இருந்தால் 1,250 தாராளமாகக் கொடுக்கலாம். ஐந்துக்கு நாலு போடுவேன். வாள் இருந்திருந்தால் நாலரை காந்தி மாதிரி நாலரை.

இப்போது டிவி ஸ்டாண்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிற்கிறான். அம்மா வெள்ளிக்கிழமை துடைக்கும்போது அவனையும் துடைத்துவிடுகிறார், பேரை மட்டும் சொல்வதில்லை, 'அந்த வெள்ளைக்காரன்' என்கிறார். பையனுக்கு அடுத்தது எதிரிப் படையின் ஒற்றைக்கண் ரோபோ வேண்டுமாம், அதன் பேர் சாக்கு. அது இதற்கு அடுத்த படியான ஹை கிரேடு, சின்ன கட்டர் வேறு வாங்க வேண்டும், விலையும் கூட. சம்பளம் வரட்டும்டா என்று இப்போதைக்கு நானும் ஒரு சாக்கு சொல்லி வைத்திருக்கிறேன்.