ஆள் பிடிக்காது, வந்த ஆளை விடாது: வாட்ஸ்அப் பிசினஸ் நீண்டகால அனுபவம்

பை தைத்து விற்பது எங்கள் தொழில். நான், மனைவி, உதவிக்கு ஒருவர், அவ்வளவுதான். விளம்பரத்துக்கென்று தனி ஆளும் கிடையாது, தனி பட்ஜெட்டும் கிடையாது. சில வருடங்களாக எங்கள் வியாபாரப் பேச்சு முழுக்க, சிறு தொழில்களுக்கென்று வாட்ஸ்அப் தனியாகத் தரும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில்தான் நடக்கிறது. புதிதாக இறக்கிய வாரத்திலேயே எழுதப்படும் விமர்சனங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. வசதிகளின் பட்டியலை அவற்றில் பார்த்துக்கொள்ளலாம். அந்த வசதிகளில் எது காலம் போனாலும் கையில் நிற்கிறது, எது திறக்கப்படாமலே கிடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது வாடிக்கையாளரைத் தேடிக் கொண்டுவரும் வேலையை இந்தச் செயலி செய்யாது. ஒரு தடவை விசாரித்தவர், ஒரு தடவை வாங்கியவர் நம் கையைவிட்டு நழுவாமல் பார்த்துக்கொள்ளும். 'புரமோஷன்' என்றதும் முதல் வேலையை மட்டும்தான் பலர் நினைக்கிறார்கள். சிறு தொழிலில் பணம் வருவது பெரும்பாலும் இரண்டாவது வேலையில்தான்.

செயலி வெளிவந்தது 2018 ஜனவரியில். அன்று முதல் இன்று வரை இலவசம். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் இதிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. அதனால் தொழிலுக்குத் தனி எண் வாங்கிவிடுவது நல்லது. வீட்டு விசேஷப் படங்களும் ஆர்டர் விவரங்களும் ஒரே இடத்தில் குவிந்தால் எதுவும் கண்ணில் படாது. புது சிம் வாங்க மனமில்லாதவர்கள் தரைவழித் தொலைபேசி எண்ணிலும் பதிவு செய்யலாம். குறுஞ்செய்திக்குப் பதில் அழைப்பில் வரும் குறியீட்டைக் கொடுத்தால் போதும். இரண்டு செயலிகளும் ஒரே போனில் சண்டையில்லாமல் இருக்கும்.

முதலில் கேட்டலாக், அதாவது நம் பொருட்களைப் படத்தோடு காட்டும் பட்டியல். 500 பொருட்கள் வரை ஏற்றலாம். எங்களுக்கு அதில் ஒரு மூலை போதும். ஏற்றிய உடனே வெளியே தெரிந்துவிடாது, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் தெரியும். அவசரமாகப் படம் போட்டு அவசரமாக விற்கும் தொழில்காரர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டலாக்கில் எல்லோரும் பொருளின் முகப்பைத்தான் படம் எடுத்துப் போடுகிறார்கள். எங்களிடம் விற்றுக்கொடுப்பது உள்பக்கப் படம். பையை வாய் திறந்து வைத்து, உள்ளே ஒரு ஏ4 நோட்டையும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம். நீளம் இத்தனை, அகலம் இத்தனை என்று எழுதியிருந்தாலும் "லேப்டாப் நுழையுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் படம் ஏறிய பிறகு அந்தக் கேள்வி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நீங்கள் எதை விற்றாலும் சரி, வாங்குபவர் கடைக்கு வந்திருந்தால் எதைத் தொட்டுப் பார்ப்பாரோ அதைப் படம் எடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சின்ன எண்ணும் கொடுத்துவிடுங்கள். "அந்த நீலப் பை" என்றால் எந்த நீலம் என்று பத்து நிமிடம் போகும். "12ஆம் நம்பர்" என்றால் பேச்சு முடிந்தது.

கேட்டலாக்கோடு 2020 கடைசியில் கூடை வசதியும் வந்தது. பொருளைத் தேர்ந்து கூடையில் போட்டு ஒரே செய்தியாக அனுப்பலாம். நல்ல யோசனைதான், ஆனால் எங்கள் ஆட்கள் அதைத் தொடுவதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விரலால் ஒரு வட்டம் போட்டு, "இது ரெண்டு" என்று அனுப்புவதுதான் அவர்களுக்குச் சுலபம். அந்தப் பழக்கத்தை மாற்ற நாங்களும் மெனக்கெடவில்லை.

விலையைக் கேட்டலாக்கில் போடலாமா என்பது ஓயாத விவாதம். போடாவிட்டால் ஆர்வத்தில் கேட்பார்கள், பேச்சை அங்கிருந்து வளர்க்கலாம் என்பது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுபவர்கள் நம் கணக்கில் வருவதே இல்லை. கேட்பவர்களுக்கோ நாள் முழுக்க ஒரே பதிலைத் தட்ட வேண்டியிருக்கும். அளவு, துணியைப் பொறுத்து மாறும் ஆர்டர்களுக்கு மட்டும் நாங்கள் விலைக்கட்டத்தைக் காலியாக விடுகிறோம்.

அடுத்து உடனடிப் பதில்கள். அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்து வைத்து, சாய்கோடு (/) போட்டு அழைத்துக்கொள்வது. 50 வரை வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் உயிரோடு இருப்பவை ஏழெட்டு. இதில் ஒன்று கவனித்தேன். தகவலோடு முடியும் பதிலுக்கு "ஓகே" என்றோ கட்டைவிரல் படமோ வரும், பேச்சு அங்கேயே படுத்துவிடும். அதே தகவலின் கடைசியில் "எத்தனை பை வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும்?" என்று சேர்த்தால் பாதிப் பேராவது எண்ணிக்கை சொல்கிறார்கள். எண்ணிக்கை வந்துவிட்டால் அப்புறம் பேசுவது எளிது. இப்போது எங்கள் சேமித்த பதில்கள் எல்லாமே கேள்வியில்தான் முடிகின்றன.

இந்தச் செயலியில் ஒரே ஒரு வசதிதான் மிஞ்சும், மற்றதெல்லாம் எடுத்துவிடுவோம் என்றால் நான் லேபிளைக் கேட்பேன். ஒவ்வொரு உரையாடலுக்கும் நிறத்தோடு ஒரு பெயர் ஒட்டலாம், 20 வரை. புது வாடிக்கையாளர், புது ஆர்டர், பணம் வரவேண்டியது என்பது போல ஐந்து அவர்களே தருகிறார்கள். அவற்றை மாற்றிக்கொள்ளலாம். எதிராளிக்கு இது தெரியாது. எங்கள் லேபிள்கள் நான்கு: தைப்பில், அனுப்பியாச்சு, பணம் பாக்கி, யோசிக்கிறார். கடைசியில் இருப்பதுதான் தங்கம். விலை கேட்டுவிட்டு "சொல்றேன்" என்று போனவர்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். முன்பெல்லாம் அந்த உரையாடல்கள் அடியில் இறங்கி, அவரும் மறந்து, நாமும் மறந்து போகும். இப்போது வாரத்தில் ஒரு மாலை அந்த லேபிளை மட்டும் திறந்து உட்காருகிறேன். "வாங்குகிறீர்களா?" என்று கேட்பதில்லை. கேட்டால் ஆள் ஓடிவிடுவார். சொல்ல ஏதாவது புதிதாக இருந்தால் மட்டும் ஒரு வரி.

"அக்கா, நீங்க கேட்ட சாம்பல் நிறத் துணி வந்திருக்கு. படம் அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க தம்பி. ஆனா ஜிப் மட்டும் கறுப்புல வேணும்."

ஜிப் நிறம் பேச ஆரம்பித்துவிட்டார் என்றால் மனதில் வாங்கியாகிவிட்டது. காசு கொடுத்துப் போடும் எந்த விளம்பரமும் எங்களுக்கு இவ்வளவு சல்லிசாக ஆர்டர் தந்ததில்லை.

இனி, எல்லோரும் ஆசையோடு கேட்கும் பிராட்காஸ்ட். ஒரே செய்தியை ஒரு பட்டியலுக்கே அனுப்பலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் நமக்கு மட்டும் வரும். ஒரு பட்டியலில் 256 பேர். இதுவரை எல்லோருக்கும் தெரியும். நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதுதான் பலருக்குத் தெரியாத நிபந்தனை. சேமிக்காதவருக்கு அது போகவே போகாது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால் யார் யாருக்குப் போனது, யார் படித்தார் என்று வரும். 256 பேருக்கு அனுப்பிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கட்டும்.

ஆகவே உண்மையான வேலை, நம் எண்ணைச் சேமிக்க வைப்பது. "சேவ் பண்ணிக்கோங்க" என்று சொன்னால் யாரும் செய்வதில்லை, அதற்கு ஒரு காரணம் கொடுக்க வேண்டும். எங்கள் பைகளுக்கு ஜிப் போனால் மாற்றித் தருகிறோம். பையைக் கையில் கொடுக்கும்போதே "ஜிப் மக்கர் பண்ணினால் இந்த நம்பருக்கு ஒரு படம் அனுப்புங்கள்" என்று சொல்கிறோம். உடனே போனை எடுக்கிறார்கள். விற்ற பிறகு நம்மைத் தேட வேண்டிய அவசியம் எந்தத் தொழிலிலும் ஒன்றாவது இருக்கும். பராமரிப்பு, உதிரிப் பொருள், மறு ஆர்டர், அளவுக் குறிப்பு என எதுவாகவும் இருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை அனுப்பலாம்? நாங்கள் மாதம் ஒன்று, அதுவும் புது வகை வந்தால்தான். தினமும் காலை வணக்கம் அனுப்பும் வியாபாரிகளை நானே பிளாக் செய்திருக்கிறேன், வேறென்ன செய்ய. நிறையப் பேர் பிளாக் செய்து புகாரும் அழுத்தினால் கணக்கே முடங்கும். மொத்தமாகச் செய்தி தள்ளித் தருகிறோம் என்று விற்கப்படும் வெளி மென்பொருட்கள் பக்கம் போகவே வேண்டாம். அவை வாட்ஸ்அப் விதிகளுக்கு எதிரானவை, எண் தடைபட்டால் அதோடு தொழில் முகவரியே போய்விடும்.

ஸ்டேட்டஸ் இதைவிட மரியாதையானது. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், விரும்பினவர் பார்ப்பார், யார் கதவையும் தட்டியதாக ஆகாது. இங்கும் இருவருமே ஒருவர் எண்ணை மற்றவர் சேமித்திருக்க வேண்டும். முடிந்த பையைவிட, வெட்டிப் போட்ட துணியும் பாதி தைத்த கைப்பிடியும்தான் அதிகம் பதில் வாங்கித் தருகின்றன. ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் முடியவில்லை என்றால் நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கேட்கலாம் என்று தோன்றுகிறதோ என்னவோ.

தானியங்கிச் செய்திகள் பற்றிச் சுருக்கமாக. வரவேற்புச் செய்தி முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் தானாகப் போகும். பழைய வாடிக்கையாளருக்கு "தங்களை வரவேற்கிறோம்" என்று போனால் அந்நியமாக இருக்கும். அதனால் இருவருக்கும் பொருந்தும்படி இரண்டே வரி வைப்பது நல்லது. கடை நேரம் முடிந்த பிறகு எழுதுபவருக்குத் தானாகப் போகும் செய்தி, நம் போனில் இணையம் இருந்தால்தான் போகும். ராத்திரி டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்குபவர்களுக்கு இதனால் பயனில்லை.

பெரிய குறை புள்ளிவிவரம். எத்தனை செய்தி அனுப்பினோம், எத்தனை சேர்ந்தது, எத்தனை படிக்கப்பட்டது, எத்தனை வந்தது. இவ்வளவுதான் காட்டும். வந்தவர் எங்கிருந்து வந்தார் என்ற ஒன்றுதான் வியாபாரிக்கு வேண்டியது, அது இதில் கிடையாது. இதற்கு நாங்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறோம். நமக்கு எழுதச் சொல்லும் லிங்கிலும் கியூஆர் குறியீட்டிலும் முதல் செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பைக்குள் வைக்கும் அட்டையில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால் "பை அட்டை பார்த்தேன்" என்று ஆரம்பிக்கும். கூகுள் பக்கத்தில் உள்ள லிங்கைத் தொட்டால் "கூகுளில் பார்த்தேன்". நோட்டீஸுக்கு வேறொன்று. வாடிக்கையாளர் அனுப்பும் பொத்தானை மட்டும் தட்டுகிறார், அவர் வந்த வழி நமக்குத் தெரிந்துவிடுகிறது. இதைத் தொடங்கிய பிறகுதான் நோட்டீஸ் அச்சடிப்பதை நிறுத்தினோம். பை அட்டைக்கு நல்ல தாள் வாங்க ஆரம்பித்தோம்.

புது ஆட்களுக்கு என்ன வழி என்று கேட்டால், எங்களுக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் நம் கடையைக் காட்டும் பக்கம். அதுவும் இலவசம். தேடும் சொல்லுக்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்டவர்கள் என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாக கூகுளே சொல்கிறது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டுக்கும் சரியான வகை, நேரம், படங்கள், உண்மையான மதிப்புரைகள். தள்ளுபடி தருகிறேன், ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்பது விதிமீறல். கடைப் பெயரோடு தேடல் சொற்களை ஒட்டவைப்பதும் அப்படியே. காசு கொடுத்து நேராக வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் விளம்பரத்தையும் ஒரு சமூக ஊடகத்தில் போட்டுப் பார்த்தோம். "விலை?" என்ற ஒற்றைச் சொல் மழையாகக் கொட்டியது. ஒரு பொருளில் நல்ல லாபம் நிற்கும் தொழில்களுக்கு அது கட்டுப்படியாகலாம், எங்களுக்குக் கட்டவில்லை.

இலவச மேடைகள் எப்போது எதை எடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. கூகுள் புரொஃபைலில் இருந்த அரட்டை வசதி 2024 ஜூலையோடு நின்றது. அதையே நம்பியிருந்தவர்கள் அவசரமாக வேறு வழி தேட வேண்டியிருந்தது. அதனால் வாங்கியவர் பெயர், எண், எந்தப் பை, எப்போது என்பதை நாங்கள் தனியாக ஒரு விரிதாளிலும் எழுதி வைக்கிறோம். கூடுதல் வேலைதான். ஆனால் போன் தொலைந்தாலும் பட்டியல் நம்மிடம் இருக்கும்.

இந்தச் செயலியைத் தாண்டி, பெரிய நிறுவனங்களுக்கென்று, செய்திக்குக் கட்டணம் வாங்கும் ஒரு சேவையும் வாட்ஸ்அப்பில் உண்டு. பல ஊழியர்கள், ஆயிரக்கணக்கில் செய்திகள், மென்பொருள் இணைப்பு எல்லாம் அதில் முடியும். மூன்று பேர் தைக்கும் இடத்துக்கு அது தேவையில்லை. போனோடு நான்கு கருவிகள் வரை இந்தச் செயலியிலேயே இணைக்கலாம். கணினியில் மனைவி ஆர்டர் எழுதுகிறார், போனில் நான் பதில் சொல்கிறேன். நான்காவது தையல் மெஷின் வாங்கும் நிலை வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.