கீழக்கரையில் ஒரு க்ரோனோகிராஃப்: வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

துபாயிலிருந்து விடுமுறைக்கு வருகிற தம்பிமார்கள் கேட்பது ஒன்றுதான்: "காக்கா, க்ரோனோ எடுக்கவா, சாதா வாட்சே போதுமா?" காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். க்ரோனோ என்பது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச். நான் பல வருடமாகக் கட்டுவது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல். 42 மில்லிமீட்டர், தினமும் சாவி கொடுக்கவேண்டிய, 1861 என்று எண் போட்ட இயந்திரம், ஹெசலைட் என்கிற பிளாஸ்டிக் கண்ணாடி. எங்கள் மார்க்கத்தில் ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பதால் ஸ்டீல். 1969இல் நிலாவில் பஸ் ஆல்ட்ரின் கட்டியிருந்த வாட்சின் வாரிசு. ஆசையாகத்தான் கட்டுகிறேன். ஆனாலும் கடலோரத்தில் குடியிருப்பவர் முதன்முதலில் பெரிய பணம் போட்டு வாங்குவது க்ரோனோவாக இருக்கவேண்டாம் என்பேன்.

பக்கவாட்டில் இரண்டு பொத்தான் என்றால் கேஸில் கூடுதலாக இரண்டு ஓட்டை. விஷயம் அவ்வளவுதான். ஓட்டையை அடைப்பது சின்ன ரப்பர் வளையம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் ஊர் ஜன்னல் கம்பியே பொரிந்துபோகிறது. பொத்தானின் கழுத்தில் வியர்வையும் உப்பும் தங்காமல் எங்கே போகும்? மச்சானுடைய க்ரோனோவில் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) கீழ்ப் பொத்தானை அமுக்கினால் உள்ளே போய், யோசித்து யோசித்து வெளியே வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொத்தானைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், அப்பளத்தில் பூத்த உப்பு மாதிரி. கடலில் ஒருநாளும் இறங்காத வாட்ச் அது. வெறும் காற்றும் வியர்வையும் செய்த வேலை.

என்னுடையது தண்ணீர் தாங்கும் அளவில் 50 மீட்டர் வகை. தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்யும்போது குழாய்த் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, ஆனாலும் கழற்றி ஜேப்பில் போட்டுக்கொள்வேன். ஈரக் கையோடு பொத்தானைத் தொடுவதே இல்லை. இரவில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஹெசலைட் கண்ணாடி கதவில் உரசினாலே கீறும். பாலிவாட்ச் பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும். அந்த வகையில் மற்ற வாட்ச்களில் வரும் சஃபையர் கண்ணாடியைவிட இது தேவலை.

சரி, அந்த ஸ்டாப்வாட்ச் எதற்குத்தான் பயன்படுகிறது? எங்கள் வீட்டில் தொதல் கிண்டும்போது உம்மா நேரம் கேட்பார். அதற்குச் சுவர்க் கடிகாரமே போதும். விளிம்பில் இருக்கிற வேகக் கணக்கு எண்களை, அதாவது டாக்கிமீட்டரைத் தனுஷ்கோடி சாலையில் சோதித்தேன். ஒரு கிலோமீட்டர் கல்லில் அமுக்கி, அடுத்த கல்லில் நிறுத்தினால் முள் நிற்கும் இடம்தான் வேகம். 45 நொடி என்றால் மணிக்கு 80 கிலோமீட்டர். ஆனால் அளவு 60 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். முன்னால் சுற்றுலா வேன் ஊர்ந்தால் ஒரு நிமிடம் தாண்டிவிடும், முள் சொல்வதற்கு அர்த்தமே இல்லை. மற்ற நேரமெல்லாம் நடுவில் இருக்கும் பெரிய முள் 12இல் அசையாமல் நிற்கும். கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் "வாட்ச் நின்னுபோச்சே காக்கா" என்பார். விநாடி முள் இடப்பக்கக் குட்டி வட்டத்தில் ஓடுகிறது என்று விளக்கியே அலுத்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் க்ரோனோதான் வேண்டும் என்றால் பொத்தானைத் திருகிப் பூட்டுகிற வகையைப் பாருங்கள். ரோலெக்ஸ் டேடோனா தண்ணீரில் 100 மீட்டர், டியூடர் பிளாக் பே க்ரோனோ 200 மீட்டர். இரண்டில் நம் ஊருக்கு டியூடர்தான் என் தேர்வு. டேடோனாவுக்குக் கடையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடக்கவேண்டும். ஸ்பீட்மாஸ்டரேதான் என்றால் 2021இல் 3861 இயந்திரத்தோடு வந்த மாடலை எடுங்கள். காந்தம் பட்டால் இதற்கு ஒன்றும் ஆகாது, சாவி கொடுத்தால் 50 மணி நேரம் ஓடும். 10 லட்சத்துக்கு மேல் போனால் இந்தியக் கடையில் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வாங்கிக்கொள்கிற வருமான வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

சர்வீஸ் செலவையும் இப்போதே யோசியுங்கள். க்ரோனோவில் பாகங்கள் அதிகம், கூலியும் அதிகம். நான் இதைத் திறக்க உள்ளூரில் யாரிடமும் கொடுப்பதில்லை, நேராகச் சென்னைதான்.

பழையது வாங்குகிறவர்கள் கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்று ரசீதோடு கேளுங்கள். அப்புறம் மேல் பொத்தானை அமுக்கி அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். நிறுத்திவிட்டுக் கீழ்ப் பொத்தானை அமுக்கும்போது பெரிய முள் 12க்கு நேராக வராமல் ஒரு கோடு தள்ளி நின்றால், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.