பழைய இழுவை வண்டியை விற்பவர்களுக்கு: முழுப் பணம் வரும்வரை பூம்களைக் கழற்ற விடாதீர்கள்

பழுதான வாகனங்களை மீட்டு இழுத்துச் செல்லும் இழுவை வண்டி ஒன்றைப் பழையதாக, புதுப்பித்துக்கொள்ள வேண்டிய நிலையில் விற்க நினைப்பவர்கள், முழுத் தொகையும் கைக்கு வந்து சேரும்வரை அதன் பின்பகுதியிலிருந்து ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடக் கூடாது. வாங்க வந்தவர் ஒருவர் எங்கள் வண்டியின் விலையுள்ள பாதியை மட்டும் முன்பணத்துக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எங்கள் தலையிலேயே கட்டிவிட்டுப் போனார். அவர் கையாண்ட முறை இன்னொருவரிடமும் எளிதாகப் பலிக்கக்கூடியது என்பதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பட்டறைக்காக நெடுங்காலம் ஓடிவிட்டுக் கொட்டகையில் நின்றுவிட்ட அந்த வண்டியின் பின்புறம் ஹோம்ஸ் நிறுவனத்தின் இரட்டை பூம், அதாவது வாகனங்களைத் தூக்கி இழுக்கும் இரண்டு இரும்புக் கைகள், பொருத்தப்பட்டிருந்தது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது, கேபினின் தரைத் தகட்டைத் துரு அரித்திருந்தது, பிரேக் சிலிண்டர்கள் பிடித்துக்கொண்டிருந்தன. இவை அனைத்தையும் விளம்பரத்திலேயே சொல்லியிருந்தேன். சக்கரங்கள் பூட்டு வளையம் உள்ள பழைய வகை ரிம்கள் என்பதையும், துருவேறிய அத்தகைய ரிம்மில் பாதுகாப்புக் கூண்டு இல்லாமல் காற்றடித்தால் வளையம் தெறித்து உயிரையே பறிக்கக்கூடும் என்பதையும் தனியாகக் குறிப்பிட்டிருந்தேன். பின்பகுதி மட்டும் நல்ல நிலையில் இருந்தது. கிளட்சை விடுவித்தால், கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் உருளைகள் இரண்டும் கையாலேயே சுழன்றன, பூம்கள் இரண்டும் பக்கவாட்டில் தடையின்றித் திரும்பின, கியர்பாக்ஸிலிருந்து வின்ச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் பி.டி.ஓ.வும் அதன் தண்டும் முழுமையாக இருந்தன. இழைகள் அறுந்து முள்முள்ளாக நின்ற கம்பிவடங்களை மட்டும் மாற்றியே ஆக வேண்டும்.

இத்தகைய வண்டியின் மதிப்பு எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பது தெரிந்தால்தான் இந்த ஏமாற்றின் கணக்கு புரியும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள சட்டனூகா நகரில் பட்டறை நடத்திவந்த எர்னஸ்ட் ஹோம்ஸ், ஓடையில் விழுந்துவிட்ட ஃபோர்டு மாடல் டி கார் ஒன்றை ஆட்களையும் கயிறுகளையும் மட்டுமே வைத்து வெளியே எடுக்கப் பெரும்பாடு பட்டார். அதன் பிறகு, 1913ஆம் ஆண்டுக் காடிலாக் கார் ஒன்றின் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) மூன்று கம்பங்களையும் கப்பியையும் சங்கிலியையும் பொருத்தி, 1916இல் தம் முதல் இழுவை வண்டியை உருவாக்கினார் என்பது இத்துறையில் பலரும் அறிந்த வரலாறு. பின்னாளில் அவருடைய நிறுவனம் பேர்பெற்றது இரட்டை பூம் அமைப்பினால்தான். ஒரு பூமின் வடத்தை ஒரு பக்கத்து மரத்திலோ பாறையிலோ கட்டிவிட்டு, மறு பூமால் எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் கிடக்கும் வாகனத்தை இழுத்தாலும் வண்டி கவிழாமல் நிற்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய டயமண்ட் டி 969 மீட்பு வண்டியிலும் ஹோம்ஸின் டபிள்யூ-45 இரட்டை பூம்தான் இருந்தது. அந்தக் காலத்து லாரிச் சேசிஸ்களைத் தேடினால் இன்றும் எங்கேனும் கிடைத்துவிடும்; முழுமையான, கைவைக்கப்படாத பூம் தொகுதி கிடைப்பது அரிது. நல்ல சேசிஸை வைத்துக்கொண்டு பூம் தொகுதியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்; பூம் இழந்த துருப்பிடித்த சேசிஸைத் தேடி யாரும் வருவதில்லை.

வந்த மனிதர் இதையெல்லாம் நன்கு அறிந்தவர் என்பது அவர் கேள்விகளிலேயே தெரிந்தது. எஞ்சினைப் பற்றி ஒப்புக்கு ஒன்றிரண்டு கேட்டார், கேபின் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் பூம்களைத் தாங்கும் நடுத்தூணில் அறையப்பட்டிருந்த தயாரிப்பாளர் தகட்டை விளக்கடித்துப் படமெடுத்துக்கொண்டார். வண்டியை முழுதாகப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்பவர் இறுகிய எஞ்சினைப் பற்றிக் கவலையே படவில்லை என்றால், அவருக்கு வேண்டியது வண்டி அல்ல என்று தயங்காமல் முடிவுசெய்யலாம்.

விலையில் அவர் பேரமே பேசவில்லை. ஏறத்தாழக் கால் பங்கை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, “ஐயா, தூணோடு ஏற்றினால் டிரெய்லர் பாலத்துக்கு அடியில் நுழையாது. மேல்பாகத்தை முதலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மீதிப் பணத்தோடு வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன்” என்றார். கேட்பதற்கு முறையான காரணமாகவே இருந்தது. உண்மையில் எங்கள் வண்டியின் தூண் கேபின் கூரையைவிட ஒரு முழம்கூட உயரமில்லை. பூம்களைத் தாழ்த்திக் கட்டினால் தாழ்தள டிரெய்லரில் அது தாராளமாகப் போகும் என்று கனரக வாகனங்களை ஏற்றிச் செல்பவர் ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அவருடன் வந்த ஆட்கள் எரிவாயு வெட்டியோடு வந்திருந்தார்கள். துருவேறிய போல்ட்டுகளை வெட்டிவிட்டு, தூண், பூம்கள், வின்ச், இயக்கும் நெம்புகோல்கள், பக்கவாட்டில் ஊன்றும் கால்கள் ஆகியவற்றை இறக்கியதோடு, பாலத்தின் உயரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பி.டி.ஓ. தண்டையும், கருவிப்பெட்டியில் கிடந்த கப்பிக் கட்டைகளையும் எடுத்து ஏற்றினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, உதிரிகள் தொலைந்துவிடக் கூடாதல்லவா என்று பதில் வந்தது. எத்தனை அக்கறை பாருங்கள்!

ஏமாற்றின் அச்சாணி அவர் எழுதிய ரசீதில் இருந்தது. முன்பணத்துக்கு அவரே தம் கைப்பட எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாளில், “பழைய வண்டியின் பாகங்களுக்காக” என்ற சொற்களுக்குப் பின்னால் தொகை மட்டும் இருந்தது. முழு வண்டியின் விலை, மீதித் தொகை, அதைக் கொடுக்க வேண்டிய நாள் ஆகிய எவையும் அதில் இல்லை. ஒப்பந்தத்தைத் தனியாக எழுதிக் கொண்டுவருவதாக அவர் சொல்லியிருந்தார். அது வரவே இல்லை. முதலில் டிரெய்லர் பழுது என்றார், பிறகு வெளியூரில் இருப்பதாகச் சொன்னார். இறுதியில் சேசிஸில் நான் சொன்னதைவிட அதிகத் துரு இருப்பதாகவும், எடுத்துக்கொண்ட பாகங்களுக்கு உரிய பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டதாகவும், மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடும்படியும் சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டார்.

காவல் நிலையத்தில் அந்த ரசீதைப் பார்த்தவர்கள், பணம் வாங்கிக்கொண்டு பொருளை நீங்களே ஏற்றி அனுப்பியிருப்பதால் இதைத் திருட்டாகப் பதிய முடியாது, உரிமையியல் வழக்காகத்தான் போக வேண்டும் என்றார்கள். வாய்ப்பேச்சாக இருந்த விலையை மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதை வழக்கறிஞர் விளக்கியபோது, அந்த வெற்றுத்தாள் எத்தனை திட்டமிட்டு எழுதப்பட்டது என்பது விளங்கியது.

ஆகவே வாங்குபவர் யாராக இருந்தாலும் ரசீதை நீங்களே எழுதுங்கள். சேசிஸ் எண்ணையும் பூம் தொகுதியின் தகட்டு எண்ணையும் ஒரே தாளில் குறித்து, இரண்டும் சேர்ந்த ஒரே பொருளாக விற்கப்படுகிறது என்றும், முழு விலை இவ்வளவு, வந்தது இவ்வளவு, மீதி வரும்வரை எந்தப் பாகமும் இடத்தைவிட்டு நகராது என்றும் அதில் இருக்க வேண்டும். பிரித்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று யாராவது சொன்னால், சேசிஸை முதலில் எடுத்துக்கொண்டு பூம்களைக் கடைசியில் எடுக்கும்படி சொல்லிப் பாருங்கள். நேர்மையாக வாங்க வந்தவருக்கு வரிசை மாறுவதால் பெரிய இடைஞ்சல் இல்லை. வங்கி வழியாக அனுப்பியதாகப் படம் காட்டினால், பணம் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டதா என்று வங்கியிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். எஞ்சின் ஓடாத வண்டிதானே என்று பதிவு மாற்றத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம், ஏனெனில் ஏடுகளில் உங்கள் பெயர் இருக்கும்வரை அதன் பேரில் எழும் கேள்விகள் உங்களிடமே வரும். வண்டியை விற்பனைக்கு அறிவிக்கும் முன்பே ஒவ்வொரு வெல்டிங் தழும்பையும் நெருக்கத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வழக்கு சிறிதளவாவது நகர்கிறது என்றால், பழைய பழுதுபார்ப்புக் குறிப்புகளோடு சேர்த்து வைத்திருந்த அத்தகைய படங்களால்தான்.

எங்கள் பூம் தொகுதி எங்கேனும் விலைக்கு வந்தால் அடையாளம் காண்பது எளிது. வலப்பக்கப் பூமின் நுனிக் கப்பிக்குச் சற்றுக் கீழே முக்கோண வடிவில் ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். இடப்பக்க நெம்புகோலுக்கு மட்டும் பித்தளைக் கைப்பிடி. தூணின் அடித்தகட்டில் நான்கு துளைகளில் ஒன்று நீளவாக்கில் பெரிதாக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் தகடு பிடுங்கப்பட்டிருந்தாலும் இந்த மூன்றையும் சேர்த்து மறைப்பது கடினம். அப்படியொன்றைக் காண்பவர்கள், அது எந்தச் சேசிஸிலிருந்து இறக்கப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று கேட்ட பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.