தோப்பில் தனியாளாக மரவீடு கட்ட வாய்ச்சி அடித்துக் கொடுத்த முதுநகர்ப் பட்டறை

கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சந்துக்குள் கொல்லுப்பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, சம்மட்டிச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். போன வருஷம் மாசியிலிருந்து ஆடி வரை நான் அங்கே ஒன்பது தடவை போயிருக்கிறேன். ஒரு கோடாரி, ஒரு வாய்ச்சி (மரத்தைச் செதுக்க, காம்புக்குக் குறுக்கே வாய் இருக்கும் கருவி), மூன்று உளி, ஒரு இழுப்புக் கத்தி, நான்கு இரும்புக் கவ்வி, எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய் ஆயிற்று. இவற்றை வைத்துக்கொண்டு காடாம்புலியூர் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பில் முழு மரங்களைப் படுக்கை வாட்டில் அடுக்கி ஒரு சின்ன வீடு கட்டி முடித்தேன். கூட ஆள் யாரும் இல்லை. மரவேலைக்குக் கைக்கருவி தேடுகிறவர்கள் அந்தச் சந்துக்குள் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும், ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

ஏன் தோப்பில் மரவீடு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் தோப்பில் பாதி முந்திரி வேரோடு சாய்ந்தது, அப்பா காவலுக்குப் படுக்கிற கீற்றுக் கொட்டகை இருந்த இடமே தெரியாமல் போனது. அதற்கப்புறம் அப்பா தோப்பில் இராத்தங்கவே இல்லை. அந்த இடத்தில் அவர் நிம்மதியாகக் கால் நீட்டிப் படுக்கிற மாதிரி ஒன்று கட்ட வேண்டும் என்பது எனக்குப் பல வருஷத்து ஆசை. தோப்பில் மின்சாரம் கிடையாது, அரை மணி நேரம் நடந்தால்தான் அடுத்த வீடு. அதனால் மெஷின் வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை, கையால் செய்வதுதான்.

இதற்கு எனக்கு வழிகாட்டி அலாஸ்காவில் வாழ்ந்த டிக் பிரென்னகி என்கிற மனிதர். 1968-ல், தன் 52-வது வயதில், ட்வின் லேக்ஸ் என்கிற ஏரிக்கரைக்குப் போய் உள்ளளவு 11 அடிக்கு 15 அடி இருக்கும் ஒரு மரவீட்டைத் தனியாகக் கட்டியவர், ஏறக்குறைய முப்பது வருஷம் அதிலேயே இருந்தவர். கேமராவை முக்காலியில் நிறுத்தித் தன் வேலையைத் தானே படம்பிடித்தும் வைத்தார். அந்த வீடு இன்றும் லேக் கிளார்க் தேசியப் பூங்காவில் பத்திரமாக இருக்கிறது. அவர் பல கருவிகளைக் காம்பு இல்லாமல் வெறும் இரும்பாகத்தான் கொண்டுபோனார், அங்கே போய் மரம் வெட்டித் தன் கைக்கு ஏற்ற காம்பைச் செதுக்கிக்கொண்டார். இதைப் படித்த அன்றைக்கே முடிவு செய்தேன், இரும்பை நல்ல இடத்தில் வாங்குவது, காம்பு நம் தோப்பு மரத்தில் நாமே போடுவது என்று.

நல்ல இடம் கிடைப்பதற்கு முன்னால் இரண்டாயிரம் ரூபாய் வீணாய்ப் போனது. இணையத்தில் வாங்கிய கோடாரி பார்க்கப் பளபளவென்று இருந்தது, மூன்றாம் நாளே வாய் மடங்கிவிட்டது. கூடவே வந்த உளி செட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தேங்காய் உரிக்கக்கூட ஆகாது.

படகு வேலை செய்கிற ஒருவர்தான் இந்தப் பட்டறையைச் சொன்னார். போனேன். பெரியவர் ஒருத்தர், எழுபதைத் தாண்டியிருப்பார், அவர் மகன் சம்மட்டி அடிக்கிறார், வீட்டம்மா ஊதுகுழல் மோட்டாரைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறார். ‘ஐயா, ஒரு வாய்ச்சி வேணும்’ என்றேன். அவர் விலை சொல்லவில்லை. ‘என்ன மரம் தம்பி? மரத்தைச் சொல்லு, அப்புறம் வாய்ச்சியைப் பேசலாம்’ என்றார். சவுக்கு என்றேன். ‘சவுக்கா, அது மரமில்ல, இரும்பு. மெல்லிசா வாய் வச்சா உதிர்ந்துடும். ஒரு துண்டு கொண்டாந்து காட்டு.’ மறுநாள் ஒன்றரை அடித் துண்டைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். அதைத் தன் பழைய உளியால் நாலு இடத்தில் கொத்திப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஒத்துக்கொண்டார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

வாய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் முக்கால்வாசி அதால் ஆனது. என்னைத் தரையில் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லி, வெறுங்கையால் மரத்தைச் செதுக்குகிற மாதிரி வீசிக் காட்டச் சொன்னார். நான் வீச வீச என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உலையில் இருந்த இரும்பை எடுத்துக் கழுத்தில் இன்னும் கொஞ்சம் வளைவு கொடுத்தார். காம்புக்கும் வாய்க்கும் உள்ள அந்தச் சாய்வு சரியாக இருந்தால் வாய்ச்சி தானாக மரத்தைச் சீவிக்கொண்டு போகும், கூடினால் மரத்தில் குத்தி நிற்கும், குறைந்தால் வழுக்கிக் காலுக்கு வரும். வாயின் இரண்டு ஓரத்தையும் இம்மியளவு தூக்கிவிட்டிருக்கிறார், அதனால் மூலை மரத்தில் மாட்டுவதில்லை. எல்லாம் லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்ததுதான். கடையில் தொங்குகிற வாய்ச்சியில் இந்தக் கவனத்தை எங்கே எதிர்பார்ப்பது? ஆறு மாதம் ஓடியும் சாணைக்கல்லில் இழுப்பதைத் தவிர அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

இழுப்புக் கத்தி என்று நான் சொல்வதற்குக் கடலூரில் பெயரே தெரியவில்லை. ஒரு அடி நீளக் கத்தி, இரண்டு முனையிலும் கைப்பிடி, மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்தி நம்மை நோக்கி இழுத்தால் பட்டை உரியும். வெளிநாட்டில் மரவீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் வைத்திருப்பது. ஐயா இதுவரை செய்ததே இல்லை. காகிதத்தில் வரைந்து காட்டினேன், பழைய அரிவாளின் முனையை மடக்கி மாதிரி ஒன்று செய்து ‘இப்படியா?’ என்று கேட்டார், அதற்கப்புறம்தான் நல்ல ஸ்பிரிங் பட்டையை எடுத்தார். சவுக்கை வெட்டி வந்த ஒரு வாரத்துக்குள் உரித்துவிட வேண்டும், பச்சையாக இருக்கும்போது பட்டை நார் நாராக வந்துவிடும், காய்ந்துவிட்டால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். மர டிப்போவிலிருந்து வந்த 70 மரத்தை இந்தக் கத்தியால் 16 நாளில் உரித்தேன். அவசரத்தில் இரண்டு மரத்தில் பட்டையை அரைகுறையாக விட்டுவிட்டேன். இன்றைக்கு வீட்டில் வண்டு துளைத்து மாவு கொட்டுவது சரியாக அந்த இரண்டில்தான். பட்டைக்கு அடியில்தான் பூச்சி குடியேறும்.

இரும்புக் கவ்வியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், தனியாக வேலை செய்கிறவருக்கு அதுதான் இரண்டாவது ஆள். இரண்டு முனையும் கூராக மடிந்த கம்பி. ஒரு முனையைச் சுவரில் இருக்கிற மரத்திலும் மறுமுனையைப் புதிதாக ஏற்றிய மரத்திலும் அடித்துவிட்டால் மரம் உருளாது. அப்புறம் நிதானமாகக் கவராயத்தை விரித்து, கீழ் மரத்தின் வளைவை மேல் மரத்தில் கோடாக இழுத்து, அதன்படி பள்ளம் குடைந்து கவிழ்த்து உட்கார வைக்கலாம். மரத்துக்கு இரண்டு பள்ளம், நாலு சுவருக்கும் சேர்த்து 68 மரம், ஏறக்குறைய 130 பள்ளம். பள்ளத்தை எப்போதும் மேல் மரத்தின் அடிப்பக்கம்தான் எடுக்க வேண்டும், மேல்பக்கம் எடுத்தால் மழைத்தண்ணீர் தேங்கி மூலை அழுகிவிடும். நான் கவ்வியைப் பற்றி விளக்க ஆரம்பித்ததுமே ஐயா ‘தெரியும், பலகை நிறுத்தப் படகுக்காரங்க கேப்பாங்க’ என்று சொல்லிவிட்டு மறுநாளே கொடுத்துவிட்டார். அந்தப் பட்டறையில் சொன்ன நாள் தவறாமல் கைக்கு வந்த ஒரே சாமான் அதுதான்.

மரத்தை எப்படி ஏற்றினாய் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். 12 அடி நீளம், 5 அங்குலத் தடிமன் உள்ள பச்சைச் சவுக்கு 50 கிலோவுக்கு மேல் வரும். சுவரில் இரண்டு கழியைச் சாய்த்து வைத்து, கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டி, மரத்துக்கு அடியில் கொடுத்து, மறுமுனையை மேலிருந்து இழுத்தால் மரம் கழி மேல் உருண்டு ஏறும். மரமே கப்பி மாதிரி வேலை செய்வதால் இழுக்க வேண்டிய பளு பாதியாகிவிடும், சாய்வு அதை இன்னும் குறைக்கும். ஒரு முனையை ஏற்றிக் கவ்வி அடித்துவிட்டு அடுத்த முனைக்குப் போவேன். மேல் வரிசைகளில் ஒரு நாளைக்கு மூன்று மரத்துக்கு மேல் ஏற்றவில்லை. காலை ஐந்தரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு நிறுத்திவிடுவேன், சித்திரை வெயிலில் செம்மண் தோப்பில் அதற்கு மேல் நிற்க முடியாது. அடி மரம் மண்ணில் படாமல் கீழே கருங்கல் தூண் துண்டுகள் கொடுத்திருக்கிறேன், கறையானுக்காக. மர இடுக்கில் பிரென்னகி பாசியைத் திணித்தார், நான் தேங்காய் நாரைத் திணித்து மேலே களிமண் பூசினேன். கூரை பனை ஓலை.

இப்போது குறைகள். முதல் குறை, நாள். ‘ஒரு வாரம்’ என்றால் மூன்று வாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, அந்த இரண்டு மாதமும் படகெல்லாம் பழுதுபார்க்க நிற்பதால் பட்டறையில் துறைமுகத்து வேலை குவிந்துவிடுகிறது, நம்மைக் கவனிக்க நேரமிருக்காது. என் ஒன்றரை அங்குல உளி அதில் மாட்டிக்கொண்டு 24 நாள் தாமதமானது. அந்த நாளெல்லாம் சுவர் மூன்றாவது வரிசையிலேயே நின்றது, வெயில் வீணாகப் போகிறதே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அப்படிக் காத்திருந்து வாங்கிய உளி இரண்டாம் நாள் ஒரு கணுவில் பட்டு நுனி பொடிப்பொடியாக உதிர்ந்தது. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மகன் மரத்தைக் குறை சொன்னார், பெரியவர் உடைந்த நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு ‘இல்ல, பதம் கூடிப்போச்சு, என் தப்பு’ என்றார். திரும்பக் காய்ச்சி, நுனியைத் தண்ணீரில் தோய்த்து, தேய்த்து வெள்ளையாக்கி, பின்னால் இருக்கும் சூடு நுனிக்கு வருவதை என்னையும் பார்க்கச் சொன்னார். இரும்பில் முதலில் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம் என்று ஓடும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் இரும்பு முறுகலாக இருக்கும், நீலம் வரை விட்டால் உடையாது, ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். சவுக்குக்காக வைக்கோல் தாண்டிப் பழுப்பு ஏறுகிற நேரத்தில் சட்டென்று தண்ணீரில் விட்டார். காசு வாங்கவில்லை. அந்த உளிதான் மீதிப் பள்ளங்கள் அத்தனையையும் எடுத்தது.

மற்றபடி, சாமானில் சம்மட்டித் தழும்பு அப்படியே இருக்கும், பாலிஷ் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். என் கோடாரியில் காம்பு நுழைகிற கண் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, காம்பு போடும்போது ஆப்பைச் சாய்த்து அடித்துச் சரிக்கட்டினேன். ரம்பம் அவர்கள் செய்வதில்லை, அதை மஞ்சக்குப்பத்தில் ஹார்டுவேர் கடையில்தான் வாங்கினேன். பில் கிடையாது.

பட்டறையில் காசு கொடுக்காமல் கிடைத்த ஒரு யோசனையையும் சொல்கிறேன். மரத்துக்குக் கழிவு ஆயில் அடிக்கப் போகிறேன் என்றதும் வீட்டம்மா குறுக்கிட்டு, ‘முந்திரிக் காட்டுல இருந்துகிட்டு ஆயில வாங்குவியா? கொட்டை எண்ணெய அடி தம்பி, படகுக்கே அதத்தான் அடிப்பாங்க’ என்றார். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற அந்தக் கறுப்பு எண்ணெயைக் கறையானும் பூச்சியும் தொடாது. ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும். முழங்கை வரை உறை போட்டுத்தான் பூச வேண்டும், நான் ஒரு நாள் உறை கிழிந்ததைக் கவனிக்காமல் பூசிவிட்டு இரண்டு வாரம் கை வெந்துபோய்க் கிடந்தேன். மரத்துக்கு இரண்டு தடவை பூசினேன். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் தாண்டியாயிற்று, பட்டை அரைகுறையாக விட்ட அந்த இரண்டு மரத்தைத் தவிர எதிலும் ஒரு துளைகூட இல்லை.

யார் போகலாம் என்றால், கையால் வேலை செய்கிறவர், என்ன வேலை, என்ன மரம் என்று சொல்லத் தெரிந்தவர், ஒரு மாதம் பொறுக்கக்கூடியவர் போகலாம். மரத்துண்டு ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள். காலை பத்து மணிக்குள் போனால் பெரியவர் பேசுவார், உலை ஏறிவிட்டால் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஆயுத பூஜை வாரத்தில் போக வேண்டாம்.

கதவுக்கு மேலே மரம் காய்ந்து சுவர் இறங்குவதற்காக இரண்டு அங்குல இடைவெளி விட்டிருந்தேன், இப்போது அது ஒன்றே காலாகியிருக்கிறது. கதவு பலா மரம், அதன் சட்டங்களைப் பொருத்துகிற கழுந்து வெட்ட அரை அங்குல உளி ஒன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு வாரம் என்றார். பங்குனியில் கொட்டை பொறுக்க அப்பா வரும்போது கதவு மாட்டியிருக்க வேண்டும் என்பதால் தையிலேயே சொல்லி வைத்துவிட்டேன்.