ஒன்றரை ஷிப்டும் கைக்குழந்தையும்: திருப்பூரில் எந்த ஏற்பாடு தாங்கும்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு ஷிப்ட் என்றால் காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகிவிடும். கணவன், மனைவி இருவருமே டெய்லர் என்றால் பிள்ளையை யார் பார்ப்பது?

அங்கன்வாடிக்குச் செலவில்லை. மதியச் சோறு, முட்டை, விளையாட்டு எல்லாம் உண்டு. ஆனால் கைக்குழந்தையை அங்கே விட முடியாது, சாயங்காலத்துக்குள் மூடியும் விடுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா கூட்டிவந்து வைத்திருந்தால் ஒரு ஷிப்டைச் சமாளிக்கலாம். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓடினால் அவர்தான் எத்தனை நாள் பொறுப்பார்?

பால் குடிக்கிற பிள்ளைக்கு என் ஓட்டு கம்பெனிக் காப்பகத்துக்குத்தான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். நடைமுறையில், பீஸ் ரேட்டில், அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைக்கிறவர் எழுந்து போனால் கூலி குறையும். லைனில் அவருக்கு அடுத்த மெஷின் சும்மா நிற்கும், சூப்பர்வைசர் முகம் மாறும். நான்கு முறை என்பது ஒரு முறையாகிவிடுகிறது. மற்ற கம்பெனிகளின் வேலையை வாங்கிச் செய்துகொடுக்கும் (ஜாப் ஒர்க்) சின்ன யூனிட்டுகளில் 50 பேரே இருக்க மாட்டார்கள். வேலைக்குச் சேரும்போதே, ஒன்றரை ஷிப்ட் நாளில் காப்பகத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

சில வீடுகளில் கணவனுக்கு நிட்டிங்கில் (துணி பின்னும் பிரிவில்) நைட் ஷிப்ட், மனைவிக்குப் பகல். பிள்ளை எப்போதும் பெற்றவர் கையில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் விடிய விடிய மெஷின் பார்த்து வந்தவர், கதவைத் தாழிட்டு, குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் கண்ணயர வேண்டும். அது தூக்கமும் இல்லை, பிள்ளை வளர்ப்பும் இல்லை. கணவனும் மனைவியும் நிதானமாகப் பேசிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைதான் மிஞ்சுகிறது.

தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்கள் பிள்ளையை ஊரில் அம்மாச்சியிடம் விடுகிறார்கள். சாப்பாட்டுக்குக் குறையிருக்காது. தீபாவளிக்குப் போகும் அம்மாவிடம்தான் பிள்ளை ஒட்டாது. மூன்று வயதுக்குள் இது வேண்டவே வேண்டாம் என்பேன். அதற்குப் பதில் அம்மாச்சியைத் திருப்பூருக்கு அழைத்து வரலாம். லைன் வீட்டின் ஒற்றை அறையில் இன்னொரு பாய் விரிக்க நெருக்கடிதான். அவரும் ஆடு மாட்டை விட்டுவிட்டு வர வேண்டும். ஆனாலும் ஒன்றரை ஷிப்ட் ராத்திரியில் பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கும்.