36 நிமிடம், 445 குத்து: காசு கட்டிப் பார்த்தவனின் கணக்கு

2025 மே முதல் வாரக் கடைசியில் அடுத்தடுத்து மூன்று பெரிய பாக்ஸிங் நிகழ்ச்சிகள். நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர், ரியாத், லாஸ் வேகஸ். எல்லாம் அமெரிக்காக்காரன் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்காருகிற நேரம் பார்த்து வைத்தது. நமக்குச் சனி, ஞாயிறு, திங்கள் காலை. முதல் இரண்டையும் ஒரு செயலியில் காசு கட்டிப் பார்த்தேன். நடுநடுவே படம் நின்று வட்டம் சுற்றியது. அது சுற்றி முடிப்பதற்குள் ரிங்கில் எதுவுமே நடந்திருக்கவில்லை என்பதுதான் என் புகார்.

ரியாத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், காசு அதிகம் வீணானது அங்கேதான். மெக்ஸிகோவின் கானெலோ ஆல்வாரெஸும் வில்லியம் ஸ்கல்லும் மோதினார்கள். அங்கே ஞாயிறு விடியற்காலை ஆறு மணிக்கு மேல் மணி அடித்தார்கள். ஸ்கல் கியூபாக்காரர், கால் வேகம் நல்லா இருக்கிறது. அந்தக் காலை வைத்துக்கொண்டு கோயில் பிராகாரம் மாதிரி ரிங்கைச் சுற்றி வந்தார். கானெலோ நடுவில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். கையை உயர்த்துகிறார், தோளை ஆட்டுகிறார், இதோ வருகிறது என்று நாம் முன்னால் சாய்கிறோம், வரவில்லை. பன்னிரண்டு ரவுண்டும் இதே கதை. முடிந்ததும், குத்துகளை எண்ணிச் சொல்லும் கம்ப்யூபாக்ஸ் நிறுவனத்தின் கணக்கு வந்தது. இருவரும் சேர்ந்து வீசியது 445 குத்து. ஸ்கல் 293, கானெலோ 152. குத்துகளை எண்ண ஆரம்பித்த இந்த நாற்பது வருடத்தில் முழுப் பன்னிரண்டு ரவுண்டு போன ஆட்டம் எதிலும் இவ்வளவு குறைவாக வீசியதில்லை. கானெலோவே பிறகு ஆட்டம் போரடித்தது என்று ஒத்துக்கொண்டார், பழியை மட்டும் எதிராளி மேல் போட்டுவிட்டு.

152ஐ இன்னொரு கணக்கோடு வைத்துப் பாருங்கள். 1985 ஏப்ரல் 15, லாஸ் வேகஸ் சீசர்ஸ் பேலஸ், மார்வின் ஹாக்லரும் டாமி ஹேர்ன்ஸும். முதல் ரவுண்டில் மட்டும் இருவரும் வீசியது 165. மூன்று நிமிடம்! அந்த ரவுண்டிலேயே ஹேர்ன்ஸின் வலது கை உடைந்தது, ஹாக்லரின் நெற்றி கிழிந்தது. மூன்றாம் ரவுண்டில் ரத்தத்தைப் பார்த்து ரெஃப்ரீ ஆட்டத்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டார். வெட்டைக் காட்டி ஆட்டத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் ஹாக்லர் திரும்ப வந்து விழவைத்தார். மொத்தம் எட்டு நிமிடம். என் பாக்ஸிங் வாத்தியார் அந்த வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்து கிளப் பையன்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். முதல் ரவுண்டு முடிந்ததும் டேப்பை நிறுத்தி, "மூச்சு விடுங்கடா" என்பார்.

டைம்ஸ் ஸ்கொயர் சமாச்சாரம் சுருக்கமாக. நடுத்தெருவில் ரிங் போட்டு, டிக்கெட்டே விற்காமல், அழைத்தவர்களை மட்டும் உட்கார வைத்திருந்தார்கள். விளம்பரப் பலகைகள் ஜொலித்தன, கூச்சல் இல்லை. டெவின் ஹேனியும் ஹோசே ராமிரெஸும் சேர்ந்து வீசியது 503 குத்து, ரையன் கார்சியாவும் ரோலி ரொமேரோவும் 490. ரொமேரோ இரண்டாம் ரவுண்டில் கார்சியாவை விழவைத்தார், கடைசியில் ஜெயித்தார். அந்த ஒரு குத்தைத் தவிர எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அதே மேடையில் ஆடிய டியோஃபிமோ லோபஸ் மட்டும் சம்பளத்துக்கு வேலை செய்தார்.

இவர்களுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஹேனியின் ஜாபை (முன் கையால் நேராக விடும் குத்து) ஸ்லோ மோஷனில் பாருங்கள், பாடப்புத்தகம். குறை வேறு இடத்தில். ரியாத்தில் ஆட்டம் முடிந்த கையோடு அமெரிக்க பாக்ஸர் டெரன்ஸ் கிராஃபோர்டை ரிங்குக்குள் ஏற்றி, செப்டம்பரில் கானெலோவோடு மோதல் என்று அறிவித்தார்கள். கார்சியாவுக்கும் ஹேனிக்கும் அடுத்து மறுமோதல் என்ற ஏற்பாட்டோடுதான் டைம்ஸ் ஸ்கொயரே நடந்தது. அடுத்த பெரிய சம்பளம் தயாராகக் காத்திருக்கும்போது இன்றைக்கு எதற்கு ஒருவன் முகத்தை நீட்டுவான்? மேடைக்குக் காசு போடுவது சவுதி அரசின் பொழுதுபோக்குத் துறை. அரங்கில் இருக்கிறவனையோ வீட்டில் காசு கட்டினவனையோ திருப்திப்படுத்த வேண்டிய நெருக்கடி யாருக்கும் இல்லை.

முன்பு நெருக்கடி இருந்தது. சுகர் ரே ராபின்சன் 1943 பிப்ரவரி 5ஆம் தேதி ஜேக் லமோட்டாவிடம் தோற்றார், அவருடைய தொழில்முறை வாழ்வின் முதல் தோல்வி. 19ஆம் தேதி ஜாக்கி வில்சனோடு ஆடி ஜெயித்தார். 26ஆம் தேதி அதே லமோட்டாவை அதே டெட்ராய்டில் எதிர்கொண்டு ஜெயித்தார். ஒரே மாதத்தில்! அவர் வாழ்நாளில் ஆடியது சுமார் 200 ஆட்டம். இப்போது ஒரு சாம்பியன் வருடத்துக்கு இரண்டு ஆடினால் உழைப்பாளி என்கிறோம். ஆட்டம் குறையக் குறைய ஒவ்வொரு தோல்வியின் விலையும் ஏறுகிறது. ஃப்ளாய்ட் மேவெதர் 50 ஆட்டம் தோற்காமல் ஓய்வு பெற்ற பிறகு, தோல்விப் பட்டியலில் இருக்கும் அந்தப் பூஜ்யத்தைக் காப்பாற்றுவதே ஒரு தொழிலாகிவிட்டது. மேவெதர், பாக்கியாவ் மோதலுக்கு 2009இல் பேச்சு ஆரம்பித்தது, நடந்தது 2015 மே 2. அமெரிக்காவில் அதைப் பார்க்கக் கிட்டத்தட்ட 100 டாலர், வாங்கியவர்கள் 46 லட்சம் பேர். கிடைத்ததோ ஒதுங்கி ஒதுங்கிப் போகிற ஆட்டம், பாக்கியாவுக்குத் தோள்பட்டைக் காயம் வேறு. அந்த வியாபாரம் அன்றைக்கே ஒரு பாடம் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன்: ஆட்டம் எப்படி இருந்தாலும் காசு வந்துவிடும்.

பெல்ட்டைப் பற்றி, அதாவது சாம்பியன் பட்டத்தைப் பற்றி, சொல்லாமல் விட முடியாது. ஒரு காலத்தில் எட்டு எடைப் பிரிவு, பிரிவுக்கு ஒரு சாம்பியன். இன்று பதினேழு பிரிவு, நான்கு அமைப்பு, அதற்குமேல் இடைக்கால சாம்பியன், சூப்பர் சாம்பியன் என்று கிளைகள். பட்ட ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் அமைப்புக்குக் கட்டணம் உண்டு, அதனால் பெல்ட் பெருகுவதில் அவர்களுக்கு நஷ்டமே இல்லை. 2024 மே மாதம் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக், டைசன் ஃப்யூரியை ஜெயித்து, லெனக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டில் எல்லாப் பெல்ட்டும் ஒருவரிடம் சேர்ந்தது. கால் நூற்றாண்டு ஆயிற்று அதற்கு. இரண்டு மாதம் தாண்டவில்லை, அதில் ஒன்றை அவர் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. என் மச்சான் கிரிக்கெட் பைத்தியம். இப்போது உலக சாம்பியன் யார் என்று அவன் கேட்டால், எந்த எடை, எந்த அமைப்பு என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அவன் அதற்குள் சேனலை மாற்றிவிடுகிறான்.

பழைய காலத்தை நான் தூக்கிக் கொண்டாடவில்லை. லமோட்டா 1947இல் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதைப் பின்னாளில் அமெரிக்க செனட் விசாரணையில் ஒப்புக்கொண்டவர். ரவுண்டுகள் பதினைந்திலிருந்து பன்னிரண்டாகக் குறைந்ததற்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது: 1982இல் ரே மான்சினியோடு ஆடிய கொரியர் கிம் டுக் கூ. அலி 1980இல் மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடினார். அப்பா போய்ப் பார்த்தார். அதற்குப் பிறகு அலியின் கை நடுங்குவதை டிவியில் காட்டினால் எழுந்து போய்விடுவார். வருடத்துக்குப் பத்து ஆட்டம், பதினைந்து ரவுண்டு எல்லாம் திரும்ப வர வேண்டாம். எனக்கு வேண்டியது, ஏறிய அன்றைக்கு ஜெயிக்க நினைக்கிற இரண்டு பேர்.

திங்கள் காலை, லாஸ் வேகஸ் ஆட்டத்தில், அது கிடைத்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் அட்டைப்பெட்டி மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஜப்பானின் நவோயா இனோவே, எதிரே ராமோன் கார்டெனாஸ். இனோவே அப்போது சூப்பர் பேன்டம்வெயிட் என்ற எடைப் பிரிவில் நான்கு பெல்ட்டும் வைத்திருந்தவர், ஜனவரியில்தான் ஒருவரை நாக் அவுட் செய்திருந்தார். கார்டெனாஸ் பேரை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. இரண்டாம் ரவுண்டு முடியப் போகும் நேரம், இனோவே நெருங்கி வந்து இடது ஹுக்கை (கையை வளைத்து அடிக்கும் குத்து) வீச, அது தவறியது. உள்ளேயிருந்து கார்டெனாஸ் குறுக்கே போட்ட ஹுக் தாடையில் விழுந்தது. இனோவே தரையில்! ஒரு வருடம் முன்பு டோக்கியோ டோமில் மெக்ஸிகோவின் லூயிஸ் நெரியும் முதல் ரவுண்டில் இப்படித்தான் விழவைத்தார். அன்றைக்கு மாதிரியே இப்போதும், எண்ணிக்கை ஓடும்போது மனிதர் அவசரப்படவில்லை.

அடுத்த ரவுண்டில் இனோவே ஓடி ஒளிவார் என்று பார்த்தால், ஜாபை முன்னால் வைத்து ஒரு அடி தள்ளி நின்று திரும்ப வேலையை ஆரம்பித்தார். கார்டெனாஸ் பின்வாங்கவில்லை, ஒவ்வொரு குத்துக்கும் ஒன்று திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஏழாம் ரவுண்டில் கார்டெனாஸ் விழுந்தார், எழுந்தார். எட்டாம் ரவுண்டில் ரெஃப்ரீ நிறுத்தினார். தோற்றவருக்கும் அரங்கமே எழுந்து கை தட்டியது.

டைம்ஸ் ஸ்கொயருக்கு ஐந்தில் ஒன்று, லோபஸுக்காக. ரியாத்துக்கு எதுவும் இல்லை. இனோவேக்கு ஐந்தும். செப்டம்பரில் நடக்க இருந்த கானெலோ, கிராஃபோர்ட் ஆட்டத்துக்கு முன்பணம் எதுவும் கட்டுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தேன். மறுநாள் கம்ப்யூபாக்ஸ் எண்ணிக்கை வந்ததும் அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று.