குறைந்த விலகல் ஷாஃப்ட்: இரண்டு ஆண்டுகளுக்கு மேலான பயன்பாட்டில் கண்டவை

பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோலான க்யூவின் முன்பாதிக்கு ஷாஃப்ட் என்றும், பின்பாதிக்கு பட் என்றும், பந்தில் படும் தோல் முனைக்கு டிப் என்றும் பெயர். 13 மில்லிமீட்டர் டிப் கொண்ட வழக்கமான மேப்பிள் ஷாஃப்டில் பல ஆண்டுகள் ஆடிய பிறகு, ‘லோ டிஃப்ளெக்‌ஷன்’ என்ற பெயரில் விற்கப்படும் ஷாஃப்டுக்கு மாறினேன். மாறி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பட் பழையதுதான், முன்பாதி மட்டுமே புதியது. மேப்பிள் துண்டுகள் பலவற்றை ஒட்டிச் செய்து, முனைப்பகுதியை உள்ளே குடைந்து எடை குறைத்த 12.75 மில்லிமீட்டர் ஷாஃப்ட் அது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை இங்கே எழுதப்போவதில்லை, ஏனெனில் நான் சொல்ல விரும்புவது இந்த வகை ஷாஃப்டுகள் அனைத்துக்கும் பொருந்தும். நான் ஆடுவது பெரும்பாலும் சென்னையில், 9 அடி மேசையில், 9-பால், 10-பால் என்னும் பூல் ஆட்ட வகைகள். அவ்வப்போது ஸ்னூக்கர் மேசைகளுக்கு நடுவே ஓரமாகப் போட்டிருக்கும் சிறிய பூல் மேசைகளிலும் ஆடுவதுண்டு.

விலகல் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிவிடுவது நல்லது. க்யூவால் நேரடியாக அடிக்கும் வெள்ளைப் பந்தின் மையத்தில் அடித்தால் அது க்யூ நோக்கிய திசையிலேயே செல்லும். வலது சைடு, அதாவது பக்கவாட்டுச் சுழற்சி, கொடுப்பதற்காக மையத்துக்கு வலப்புறம் அடித்தால், பந்து க்யூவின் திசையிலிருந்து சற்று இடப்புறமாக விலகிப் புறப்படும். இடது சைடுக்கு நேர்மாறாக. டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரம்தான். அந்த நேரத்துக்குள் சுழலத் தொடங்கும் பந்து ஷாஃப்டின் முனையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் எதிர்வினையே வெள்ளையை மறுபக்கம் ஒதுக்குகிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் தள்ளலை உணர்வது முனையை ஒட்டிய ஒரு சாண் அளவு நீளமே என்பதால், பின்னால் இருக்கும் எடையும் பட்டின் கனமும் இதில் ஏறத்தாழ எந்தப் பங்கும் வகிப்பதில்லை. ஆகவே அந்த ஒரு சாண் பகுதியை இலேசாக்கினால் விலகல் குறையும். ஷாஃப்ட் வளைந்து கொடுப்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் விறைப்பாகவும் முனையில் இலேசாகவும் இருக்கும் ஷாஃப்டிலும் விலகல் குறைவாகவே இருக்கும்.

1994-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிரிடேட்டர் நிறுவனம் 314 என்ற ஷாஃப்டின் மூலம் இந்த எண்ணத்தைப் பரவலாக்கியது. இன்று மெஸ், க்யூடெக், மெக்டெர்மட், ஜேக்கோபி என எல்லாரிடமும் இவ்வகை உண்டு. மரத்தில் தொடங்கியது கார்பன் ஃபைபரில் வந்து நிற்கிறது. ஆனால் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் 1984-லும் 1987-லும் அமெரிக்க ஓபன் 9-பால் பட்டம் வென்றபோது இப்படி ஒரு பொருள் சந்தையிலேயே இல்லை. விலகலைக் கண்ணாலும் பழக்கத்தாலும் ஈடுகட்டி உலகத்தின் உச்சிக்குப் போக முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்த ஷாஃப்ட் வாங்கினால் ஆட்டம் ஒரு படி ஏறிவிடும் என்று கடைக்காரர் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வேறுபாட்டை நேரில் காண ஓர் எளிய சோதனை போதும். 9 அடி மேசையில் மேல் ஸ்பாட்டில் (துணியில் குறித்திருக்கும் புள்ளியில்) வெள்ளையையும் கீழ் ஸ்பாட்டில் இன்னொரு பந்தையும் வையுங்கள். இடையே 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர். இரண்டு பந்துகளின் மையங்களையும் இணைக்கும் கோட்டில் க்யூவை வைத்து, பிறகு அதைத் திருப்பாமல் முழுவதுமாக வலப்புறம் நகர்த்தி, டிப்பை ஒரு டிப் அகலம் தள்ளி, வெள்ளை உருளாமல் சறுக்கியே போய் மோதும் வேகத்தில் அடிக்க வேண்டும். நேர் நெஞ்சில் மோதினால் வெள்ளை அங்கேயே நின்று பம்பரமாகச் சுழலும். சற்று விலகி மோதினால் சுழன்றபடியே பக்கவாட்டில் நகர்ந்து போகும். என் பழைய ஷாஃப்டில் வெள்ளை இடப்புறம் நன்றாகவே ஓடியது. புதியதில் ஒரு பந்தின் அகலம்கூட நகராமல் சுழன்றுகொண்டிருந்தது. புறப்படும் திசையில் ஒரு டிகிரி மாறினாலே இந்தத் தூரத்தில் 2.2 சென்டிமீட்டர் விலகிவிடும் என்பதையும், பந்தின் விட்டமே 5.7 சென்டிமீட்டர்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சிறு கோணம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பது விளங்கும். கவனிக்க வேண்டியது, புதியதிலும் வெள்ளை சிறிது நகரவே செய்தது. ‘லோ’ என்றுதான் விற்கிறார்கள். ‘இல்லை’ என்று அல்ல.

முதல் சில மாதங்களில் தவறிய பந்துகள் கண்டபடி தவறவில்லை. ஓர் ஒழுங்கோடு தவறின. பந்து எந்தப் பக்கம் வெட்டப்படுகிறதோ அதே பக்கத்துச் சைடு கொடுத்த கட் ஷாட்களில் (பந்தை ஓரத்தில் தட்டிக் கோணமாக அனுப்பும் அடிகளில்) பந்து தடித்து, அதாவது வேண்டியதைவிட நேராக அடிபட்டு, பாக்கெட்டின் முன்பக்கத் தாடையில் (வாயோர விளிம்பில்) மோதியது. எதிர்ப்பக்கச் சைடு கொடுத்தவற்றில் மெலிதாகப் பட்டு, அளவுக்கு மேல் வெட்டுண்டது. காரணம் எளிது. பழைய ஷாஃப்டின் விலகலுக்காக நான் செய்துவந்த ஈடு கையில் அப்படியே இருந்தது. ஈடுகட்ட வேண்டிய விலகல்தான் குறைந்துபோயிருந்தது. இதில் தொல்லை என்னவென்றால், அந்த ஈட்டை யாரும் கணக்குப் போட்டுச் செய்வதில்லை. குனிந்து குறி பார்க்கும்போது கண் தானாகவே கோட்டை ஓர் இழை நகர்த்தி வைக்கிறது. கட்டளையிட்டு வரவழைக்காத ஒன்றைக் கட்டளையிட்டு நிறுத்த முடியாது என்பதால், ‘இனிமேல் குறைவாக ஈடுகட்டுவோம்’ என்று முடிவெடுப்பதால் மட்டும் எதுவும் மாறவில்லை. ஒரே ஷாட்டை மீண்டும் மீண்டும் வைத்து, மையத்தில் அடித்து, பிறகு அரை டிப், பிறகு ஒரு டிப் என்று சைடைக் கூட்டிக்கொண்டே போனபோதுதான் கண் மெல்ல இறங்கி வந்தது.

வேகமான ஷாட்களில் இந்தப் பழக்கம் ஒப்பீட்டளவில் விரைவாகவே வந்துவிட்டது. உண்மையில் நெடுநாள் பிடித்தவை மெதுவான ஷாட்களே, இந்த ஷாஃப்டைப் பற்றிப் பேசுவோர் போதிய அளவு சொல்லாத பகுதியும் அதுதான். மேசையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பான குஷனின் உயரம் காரணமாக க்யூவை முற்றிலும் கிடையாகப் பிடிப்பது அரிது. பின்பக்கம் எப்போதும் சற்று உயர்ந்தே இருக்கும். அதனால் சைடு கொடுத்து அடித்த வெள்ளை, ஒரு பக்கம் விலகிப் புறப்பட்டாலும், துணியின் உராய்வால் போகப்போகச் சைடு கொடுத்த பக்கமே வளைந்து திரும்புகிறது. விலகலின் கோணம் வேகத்தைப் பெரிதும் பொருட்படுத்தாது. இந்த வளைவோ அடி மெதுவாக மெதுவாகக் கூடும், தூரம் நீள நீளக் கூடும். பழைய ஷாஃப்டில் ஒரு நடுத்தர வேகத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ அழித்துக்கொண்டன. அந்த வேகத்தில் எந்தத் திருத்தமும் இல்லாமல் நேராகக் குறிவைத்தாலே பந்து விழுந்தது. புதிய ஷாஃப்டில் விலகல் குறைந்தது, ஆனால் வளைவு குறையவில்லை. அதுவரை விலகலின் பின்னால் மறைந்திருந்த வளைவு இப்போது தனியாக வெளியே தெரியத் தொடங்கியது.

ஓர் உதாரணம்: நீள குஷனிலிருந்து ஒரு பந்து அகலம் தள்ளி, மூலைப் பாக்கெட்டுக்கு அருகில் 8 எண் பந்து நிற்கிறது, வெள்ளை ஒன்றரை மீட்டர் பின்னால். அடுத்த 9-க்கு இடம் பிடிக்க வலது சைடு வேண்டும், வேகம் கூடாது. பழைய ஷாஃப்டில் இது கண்ணை மூடிக்கொண்டு போடும் ஷாட். புதியதில் அதே குறி, அதே வேகம். ஆனால் வெள்ளை வலப்புறம் சாய்ந்து போய் 8-இன் தவறான இடத்தில் தொட்டது. இப்போது இந்த ஷாட்டுக்கு நான் வழக்கத்துக்கு மாறாக, கோட்டுக்குச் சற்று இடப்புறமாகவே குறிவைக்கிறேன். ஈடுகட்டும் வேலை ஒழிந்துவிடும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: ஈடு ஒழிவதில்லை, வேகமான அடியில் சுருங்குகிறது, மெதுவான அடியில் பக்கம் மாறுகிறது.

இதனால் துணியின் நிலைமை முன்பைவிட அதிகம் பொருட்படுத்தத்தக்கதாகிறது. மயிர்ப் பரப்பு இல்லாத மெல்லிய பூல் துணி புதிதாக இருக்கும்போது வழுக்கும். வெள்ளை வளையத் தொடங்கவே நேரம் எடுக்கும். தேய்ந்து அழுக்கேறிய துணியிலும், ஸ்னூக்கர் மேசைக்குரிய மயிர்த் துணி போட்ட மேசையிலும் வளைவு சீக்கிரமாகவே பற்றிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஏ.சி. சரியாக ஓடாத அறைகளில் துணி ஈரம் வாங்கிப் பந்துகள் கனத்து ஓடுவதை இங்கே ஆடும் எவரும் அறிவர். அந்த நாட்களில் மெதுவான சைடு ஷாட்களுக்கு வைக்கும் குறியைச் சித்திரை மாதக் குறியோடு ஒப்பிடவே முடியாது. புதிய மேசைக்குப் போனால் ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு சைடுகளிலும் மெதுவாகச் சில பந்துகளை நீளவாக்கில் ஓட்டிப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

பின்கையை நகர்த்திச் சைடு கொடுக்கும் பழக்கமுள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. மையத்துக்குக் குறிவைத்துவிட்டு, க்யூவை முன்னால் தாங்கும் பிரிட்ஜ் கையை அச்சாகக் கொண்டு பின்கையைப் பக்கவாட்டில் நகர்த்தி டிப்பைத் தள்ளும் முறை அது. க்யூ திரும்பும் கோணமும் பந்து விலகும் கோணமும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் பிரிட்ஜ் நீளம் (பிரிட்ஜ் கைக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட தூரம்) ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் உண்டு. வழக்கமான மேப்பிளில் அந்த நீளம் பலருக்கும் இயல்பாக அமையும் பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இருக்கும்; அதனால்தான் இந்த முறை தலைமுறைகளாக வேலை செய்தது. குறைந்த விலகல் ஷாஃப்டில் அந்த நீளம் வசதியாகப் பிடிக்கக்கூடிய எல்லையைத் தாண்டிப் போய்விடுகிறது. பழைய பிரிட்ஜிலேயே பின்கையைத் திருப்பினால் க்யூ தேவைக்கு மேல் திரும்பி, வெள்ளை சைடு பக்கமாகவே போய்விடும். இதற்கு நான் கண்ட வழி, தேவைப்படும் நகர்வில் ஒரு பகுதியைப் பின்கையாலும் மிச்சத்தைப் பிரிட்ஜ் கையை நகர்த்தியும் செய்வது. எந்த விகிதம் என்பது வேகத்தைப் பொறுத்தது. வாய்ப்பாடு எதையும் நான் எழுதித் தர முடியாது. க்யூவை அப்படியே இணையாக நகர்த்தி அடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர்கள் நம்மைவிட எளிதாக மாறிவிடுவார்கள்.

அதிகச் சுழற்சி கிடைக்கும் என்ற விளம்பரத்தை நான் ஏற்கவில்லை. வெள்ளை எவ்வளவு சுழலும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டிப் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் படுகிறது என்பதே. எந்த ஷாஃப்டானாலும் ஏறத்தாழ பந்தின் பாதி ஆரத்தைத் தாண்டினால் மிஸ்கியூதான், டிப் வழுக்கி அடி வீணாகிவிடும். பின் ஏன் எல்லாரும் சுழற்சி கூடியதாகச் சொல்கிறார்கள் என்றால், விலகலைப் பற்றிய அச்சம் குறைந்ததும் டிப்பை ஓரத்துக்குக் கொண்டுபோகும் துணிவு வந்துவிடுகிறது என்பதே என் கணிப்பு. எனக்கும் அப்படித்தான் நடந்தது, அது வீணான பலனும் அல்ல.

ஸ்னூக்கரிலிருந்து பூலுக்கு வருகிறவர்களின் அனுபவம் இதற்கு நேர்மாறாக இருக்கலாம். அவர்கள் பழகிய ஆஷ் மர க்யூவின் முனை 10 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. மெலிதாக இருப்பதாலேயே அதில் விலகல் பொதுவாகக் குறைவு. 13 மில்லிமீட்டர் மேப்பிள்தான் அவர்களுக்குப் புதிராக இருக்கும். இந்த ஷாஃப்ட் பழக்கப்பட்டதாகவே தோன்றும்.

கைக்குத் தெரியும் மாற்றங்களில் முதலாவது ஓசை. திட மரம் தரும் அடங்கிய ‘தொப்’ போய், உள்ளீடற்ற முனைக்குரிய மெல்லிய ‘டக்’ வந்துவிட்டது. சில வாரங்கள் அடியின் வேகத்தைக் காதால் அளவிட முடியாமல் டிரா ஷாட்களில் (மோதிய பின் வெள்ளையைப் பின்னோக்கி வரவைக்கும் அடிகளில்) வெள்ளை கூடுதலாகவே திரும்பி வந்தது. பல துண்டுகளை ஒட்டிச் செய்ததால் சென்னையின் ஈரத்திலும் இதுவரை வளையவில்லை. மேசையில் உருட்டிப் பார்த்தால் நேராகவே இருக்கிறது. வியர்வையும் சாக் தூளும் சேர்ந்து ஒட்டிக்கொள்வது மட்டும் பழையபடிதான். ஆட்டம் முடிந்ததும் ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். டிப் மாற்றுவதற்குக் கடைசல் இயந்திரம் வைத்திருப்பவரிடமே கொடுக்க வேண்டும். ஸ்னூக்கர் க்யூக்களுக்குக் கையாலேயே டிப் ஒட்டிப் பழகியவர் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால், டிப்பைத் தாங்கும் குட்டையான, இலேசான முனை வளையமான ஃபெரூல் உருக்குலைந்துவிடும். பிரேக்குக்கு, அதாவது அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடிக்கு, இதைப் பயன்படுத்துவதில்லை. பழைய ஷாஃப்டை இன்னொரு பட்டில் மாட்டி அதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். சைடு இல்லாத அடி என்பதால் அங்கே விலகல் ஒரு பொருட்டல்ல. இரண்டையும் மாற்றி மாற்றிச் சாதாரண ஷாட்களுக்குப் பயன்படுத்துவது மட்டும் வேண்டாம், கண் எதற்கும் பழகாமல் போய்விடும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் பட்டையும் ஷாஃப்டையும் இணைக்கும் ஜாயின்ட் திருகு எந்த வகை என்று பார்க்க வேண்டும். 3/8-10, 5/16-14, 5/16-18, ரேடியல், யூனி-லாக் எனப் பல வகைகள் உண்டு, ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. திருகு பொருந்தினாலும் வளையத்தின் விட்டம் சற்று மாறினால் இணைப்பில் விரல் தட்டும். போட்டிக் காலத்தில் மாறுவது சரிவராது. வாரத்துக்கு ஒருமுறை பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கும், சைடையே அரிதாகப் பயன்படுத்துபவர்களுக்கும் இந்தச் செலவு தேவையில்லை. புதிதாகக் கற்பவர்கள் வாங்கலாம், அவர்களிடம் மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

கிளப்பில் ஒருவருடைய கார்பன் ஷாஃப்டையும் சில மாலைகள் வாங்கி ஆடிப் பார்த்தேன். விலகல் இதைவிட இன்னும் ஓர் இழை குறைவாகத் தோன்றியது. வியர்வைக் கையில் நன்றாக வழுக்குகிறது, கீறலும் விழுவதில்லை. ஆனால் மெதுவான ஷாட்களுக்கு நான் இவ்வளவு நாள் உழைத்து அமைத்துக்கொண்ட குறி அதில் மீண்டும் மாறியது. அதனால் அதை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த மரத்தோடேயே தொடர்கிறேன்.